சங்கிலி சாரின் கோணல் பந்து

காவிரித் தண்ணீர் பாய்கிற மண்ணில் இன்றுவரை பிறந்தவர்களிலேயே மிகக் கோணலாகப் பந்தடித்தவர் எங்கள் சங்கிலி சார்தான். இதை ஏதோ பாராட்டாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபமாகத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. மழை வரப்போகிறது என்றால் முதலில் என் இடது முழங்கால் அவரைத் திட்டும். பிறகுதான் நான்.

அவர் சர்வேயர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், அரிசி ஆலைக்கு அடுத்த ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். நான் அங்கே எழுத்தர். என் கையெழுத்தை மேலதிகாரிகள் படிக்க நேர்ந்ததால், வயலில் படிக்க ஆளில்லை என்ற தைரியத்தில் என்னைச் சர்வேயரோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் அளப்பார், நான் எழுதுவேன், திரும்பி வந்ததும் நான் எழுதியது என்ன என்று இருவரும் உட்கார்ந்து யோசிப்போம்.

நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியை அவர் தோளிலிருந்து இறக்கி யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் வாழையிலைகள் வரிசை தப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று சங்கிலியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, எல்லா இலையையும் நேராக்கிய பிறகுதான் சாம்பார் ஊற்ற விட்டார். நாற்பது பேர் பசியோடு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பாதி என்னைத்தான் பார்த்தது.

இப்படிப்பட்ட மனிதர் கையில் கோல்ஃப் மட்டை வந்து சேர்ந்தது என் தலையெழுத்து. எப்போதோ ஊட்டிப் பக்கம் எஸ்டேட் ஒன்றை அளக்கப் போயிருந்தபோது, ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவர் இவருக்கு ஒரே ஒரு மட்டையையும், பிஸ்கட் டின் நிறையப் பந்துகளையும், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அந்தப் புண்ணியவான் கடலில் நிம்மதியாகப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் திடலில் பந்து பொறுக்கியவன் நான்.

திடல் என்றால், ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டிய மேட்டு நிலம். மாடு மேயும், அறுவடையின்போது கதிரடிக்கும் களமாக இருக்கும். இடப்பக்கம் ஒரு புளியமரம். வலப்பக்கம் கூலிக்காரர் குடிசைகள் பதினெட்டு, ஒரே வரிசையாக. சார் நடுவில் நின்று மட்டையைத் தூக்குவார். பந்து கிளம்பும்போது மிகவும் ஒழுக்கமாகத்தான் கிளம்பும். ஐம்பது அடி போனதும் ஏதோ ஞாபகம் வந்தாற்போல வலப்பக்கம் திரும்பும். அப்புறம் திரும்பிக்கொண்டே போகும்.

"யோவ், நான் நட்ட எல்லைக்கல்லு இந்தத் தாலுக்காவுல ஒரு விரக்கடை தப்பினது உண்டாய்யா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் இந்தப் பந்துக்கு மட்டும் என்னய்யா கேடு?"

பந்தைத்தான் திட்டுவார். தன் கையைச் சந்தேகப்பட்டதே இல்லை. புத்தகத்தைப் புரட்டினால், பந்து வலப்பக்கம் ஓடுவது ஏன் என்று ஓர் அத்தியாயம் கம்பீரமாக ஆரம்பித்தது. நோய் முழுவதும் வர்ணிக்கப்பட்டிருந்தது. மருந்து தொடங்குகிற பக்கத்திலிருந்து கரையான் தின்றிருந்தது. அந்த ஊர்க் கரையான்களுக்கு நேராக அடிக்கும் வித்தை தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை.

கடைசியில் சர்வேயர் மூளை வேலை செய்தது. அரசாங்கச் சங்கிலியைத் தரையில் குறியை நோக்கி நீட்டிப் போட்டார். அதற்கு இணையாக இரண்டு பாதங்களையும் வைத்தார். தோள் நேராக இருக்கிறதா என்று என்னை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். எல்லாம் நேர். சங்கிலி நேர், பாதம் நேர், தோள் நேர். அடித்தார். பந்து வலப்பக்கம் போய் ஒரு குடிசை வாசலில் இருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தது.

உடைந்த பானையின் கழுத்து மட்டும் மணிக்கட்டில் வளையல் மாதிரித் தொங்க, ஒரு பெண் எழுந்து வந்தாள். அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். நடவுக்கும் கதிரடிப்புக்கும் அவள் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள்.

"யாருங்க அடிச்சது?"

சங்கிலி சார் வானத்தைப் பார்த்தார். "காத்து."

"காத்து எப்பங்க வெள்ளையா உருண்டையா காய்க்க ஆரம்பிச்சிது?"

அன்றைக்கே அவர் குயவரிடம் போய்ப் புதுப்பானை வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அதுவும் உடைந்தது. மூன்றாவது ஞாயிறிலிருந்து அந்தத் தெருவில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சார் மட்டையை உறையிலிருந்து உருவினால் போதும், யாராவது ஒருத்தி, "மட்டை எடுத்துட்டாரு!" என்று குரல் கொடுப்பாள். பானைகள் உள்ளே போகும். குழந்தைகள், ஆடுகள், அரைகுறையாகக் காய்ந்த வற்றல், எல்லாம் திடலைக் கடந்து இடப்பக்கம் வந்துவிடும். நான் புளியமரத்துக்குப் பின்னால். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

இதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். குறி தெரியவில்லை, அதனால்தான் பந்து திசை தப்புகிறது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. அளவை வேலைக்கு வைத்திருந்த மூங்கில் கம்பில் ஒரு துணியைக் கட்டித் திடலின் அந்தக் கோடியில் நட்டார். சிவப்புத் துணி.

அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்சி மாறியிருந்தது. நில உச்சவரம்பு என்றார்கள், பினாமி என்றார்கள், கூலி உயர்வு என்றார்கள். ஒரு வயலில் செங்கொடி முளைத்தால் ஒரு போலீஸ் வேனும் கூடவே முளைக்கும். அரைமணி நேரம் ஆகவில்லை, ஊர் மிராசுதாரின் காரியஸ்தர் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு செங்கொடி நடுறீங்களே, இது அடுக்குமா சார்?"

"இது கொடி இல்லய்யா. குறி."

"எதுக்குக் குறி?"

"பந்துக்கு."

"பந்து எங்க?"

"அதைத்தான்யா நானும் தேடிக்கிட்டிருக்கேன்!"

பின்னாலேயே வேன் வந்தது. ஏட்டையா மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இரும்புப் பூண் போட்ட கழி ஒன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். டவுன் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து காரியஸ்தர் ஒரு போட்டோவும் எடுத்துவிட்டார். கொடி, கொடிக்குப் பக்கத்தில் சார், சாருக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நான்.

அடுத்த வாரம் வெள்ளைத் துணி. விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வந்து குதித்தார். "கூலிப் பேச்சு நடக்கற நேரத்துல யாருங்க எங்க சார்புல சரணடைஞ்சது?" அதற்கடுத்த வாரம் மஞ்சள். அது மிராசுதார்கள் சங்கத்து நிறம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? குடிசைக்காரர்கள் அன்று எங்களோடு பேசவில்லை. பச்சை கட்டினோம். அதிராம்பட்டினம் பஸ்ஸிலிருந்து ஒரு பாய் சிரமப்பட்டு இறங்கி வரப்பில் நடந்து வந்து, "இங்க தர்காவுல கந்தூரி எப்பங்க? நார்சா சோறு உண்டுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். பந்து என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்பையும் சிவப்பையும் சேர்த்துக் கட்டிய அன்று ஆளுங்கட்சி ஆள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியாம இங்க கிளை தொறந்தது யாரு?" என்று கேட்டபடி வந்தார்.

சங்கிலி சார் துணியை அவிழ்த்துத் தரையில் அடித்தார். "ஒரு மனுஷன் பந்தடிக்க ஒரே ஒரு நெறம் மிச்சம் வச்சானுங்களாய்யா இந்த நாட்டுல? வானவில்லையே பாகப்பிரிவினை பண்ணிட்டானுங்களே!"

அவர் பார்வை மெல்ல என் இடுப்புக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைதானே என்று நீலக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தேன்.

"இதுக்குக் கட்சி கிடையாதுய்யா" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு துண்டோடு வீடு வந்து சேர்ந்தேன். என் லுங்கி அந்தத் திடலில் நான்கு மாதம் பறந்தது. எந்தக் கட்சியும் உரிமை கோரவில்லை. கோரியிருந்தால் சேர்ந்திருப்பேன்.

இதற்குள் சட்டம் ஒன்று வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரருக்கு, அவர் குடியிருக்கிற மனை அவருக்கே சொந்தம். சங்கிலி சார் அந்தப் பதினெட்டு மனைகளையும் அளந்தார். ஒரு வாரம் அளந்தார். கல் நடுவதற்குச் சாமான்கூட வந்து இறங்கிவிட்டது. அப்போது மிராசுதார் சப் கலெக்டருக்கு ஒரு மனு போட்டார். அந்தக் குடிசைகள் போன மாதம் செங்கொடிக்காரர்கள் இரவோடிரவாகப் போட்ட கொட்டகைகள். அளந்த சர்வேயரும் செங்கொடிக்காரர், போட்டோ இணைப்பில் காண்க. எனவே வரைபடம் பொய், ரத்து செய்க.

அஞ்சலை எங்கள் ஆபீஸ் வாசலுக்கே வந்தாள். பின்னால் அந்தத் தெருவே வந்தது. அவள் கத்தவில்லை. "கல்லு நட்டுட்டா நாங்க நிப்போம்ங்க. கல்லு வரலைன்னா ட்ராக்டரு வரும். இப்பவே வாய்க்காக் கரையில கொண்டாந்து நிறுத்திட்டாங்க" என்றாள்.

சங்கிலி சார் மனுவை மூன்று தடவை படித்தார். "என்னை எந்தக் கட்சின்னு வேணா சொல்லட்டும். என் படத்தைப் பொய்யின்னு எவன்யா சொன்னது?" மேஜையில் ஒரு குத்து விட்டார். என் மைக்கூடு கவிழ்ந்தது. அவர் கோபத்துக்கெல்லாம் என் பொருள்தான் செலவாகும்.

கொடி விளையாட்டுக்காக நட்டது என்று விளக்கம் எழுதி அனுப்பினோம். நான்தான் எழுதினேன். அந்தக் கையெழுத்தையும் மீறிச் சப் கலெக்டர் படித்துவிட்டார். பதில் வந்தது: புதன்கிழமை நேரில் வருவார், அந்த விளையாட்டை அவர் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். அவர் வடக்கத்திக்காரர், கோல்ஃப் ஆடுகிறவர் என்று தபால் கொண்டுவந்த டவாலி சொன்னார்.

ஆடுகிறவருக்கு ஆட்டம் தெரியும். குறியை வடக்கே நட்டுவிட்டுப் பந்தைக் கிழக்கே அனுப்புகிற ஒருவரைப் பார்த்து, இவர் இரண்டு வருஷமாக ஆடுகிறார் என்று எந்த அதிகாரி நம்புவார்?

ஒரு வாரம் இருந்தது. திடலில் அப்போது கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. சார் ஒரு மூலையில் நின்று அடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் வலப்பக்கம். கதிர்க்கட்டு ஒன்றை அடித்து உதறிப் போட்டுவிட்டு அஞ்சலை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"நீங்க பந்தை அடிக்கலைங்க. அதைக் கொல்றீங்க."

சார் முறைத்தார். அவள் ஒரு கதிர்க்கட்டை எடுத்துக்கொண்டாள். "பாருங்க. கையி சும்மா புடிச்சிக்கிட்டுதான் இருக்கு. நெரிக்கல. இடுப்பு திரும்புது, கட்டு தானா சுத்தி வந்து விழுவுது. கையால அடிச்சா பத்துக் கட்டுல தோளு விட்டுப்போவும், நெல்லும் செதறும். அப்புறம் இன்னொண்ணு. நான் அடிக்கற கல்லைத்தான் பாக்கறேன். நீங்க, அடி விழறதுக்கு முன்னாடியே அது எங்க போச்சுன்னு தலையத் தூக்கிடுறீங்க. எங்க போவும்? எங்க வீட்டுக்குத்தான் போவும். அதுல பாக்க என்னங்க இருக்கு?"

களத்தில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சார் என்னை மட்டும் முறைத்தார். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிர்க்கட்டை வாங்கினார். அன்று மாலை வரை கதிரடித்தார். மறுநாளும் அடித்தார். சர்வேயர் ஐயா இனாமாகக் கதிரடிக்கிறார் என்ற செய்தி பரவி, பக்கத்துக் களத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கேட்டார்கள். பிடியைத் தளர்த்தினார், இடுப்பைத் திருப்பினார், தலையைத் தாழ்த்தியே வைத்திருந்தார். தலையைத் தூக்காமல் இருக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை.

செவ்வாய்க்கிழமை மாலை மட்டையை எடுத்தார். முதல் பந்து நேராகப் போனது. இரண்டாவதும் நேர். மூன்றாவது போய் என் லுங்கி பறந்த கம்பில் டொக்கென்று பட்டது. சங்கிலி சார் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "யோவ்... சங்கிலி போட்ட மாதிரி போச்சுய்யா" என்றார்.

புதன்கிழமை ஜீப் வந்தது. சப் கலெக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது. தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "தாங்கள்தான் சர்வேயரோ? தயவுசெய்து அடித்துக் காட்டுங்கள்" என்றார். மிராசுதார் குடை நிழலில் நாற்காலி போட்டு, சார் நின்ற இடத்துக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காரியஸ்தர்.

சார் சங்கிலியைத் தரையில் நீட்டினார். மட்டையை உறையிலிருந்து உருவினார்.

"மட்டை எடுத்துட்டாரு!"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினெட்டு வீட்டுப் பானைகளும் உள்ளே போயின. வற்றல் பாய் சுருண்டது. கைக்குழந்தைக்காரிகள் முன்னால், கிழவர்கள் பின்னால், ஆடுகள் அவர்களுக்கும் பின்னால், தெரு முழுக்கத் திடலைக் கடந்து இடப்பக்கம் வந்து நின்றது. கடைசியாக ஒரு நாய் சோம்பல் முறித்துவிட்டு எழுந்து, தானே நடந்து வந்து புளியமரத்தடியில் படுத்தது. சப் கலெக்டர் அந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வலப்பக்கம், அஞ்சலை வீட்டுச் சுவரோரம் நான் ஒருவன்தான் நின்றேன்.

"கிளார்க்குத் தம்பி, இந்தாண்ட வந்துடுங்க!" என்று அஞ்சலை கூப்பிட்டாள்.

"நேத்து நேராத்தானே போச்சு?"

"நேத்து அவுருக்குக் கோவம் இல்லைங்க தம்பி!"

நான் நகரவில்லை. சார் தலையைத் தாழ்த்தினார். இடுப்பு அழகாகத் திரும்பியது. மட்டை உச்சிக்குப் போனது. அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தர், "படத்தை வரைஞ்ச மாதிரிதான் அடிக்கவும் போறாரு" என்று சிரித்தார்.

படம் என்ற சொல் காதில் விழுந்ததும் சங்கிலி சார் கதிரடிப்பதை விட்டுவிட்டுக் கொலையில் இறங்கினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பந்து ஒழுக்கமாகக் கிளம்பியது. ஐம்பது அடியில் ஞாபகம் வந்தது. அடுத்து நான் பார்த்தது ஆகாயம்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து விழுந்தேன். முதலில் ஓடிவந்தவர் சப் கலெக்டர். "மிகவும் வலிக்கின்றதா?" என்று குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். என் தலைக்கு மேலே மண்சுவரில் உருண்டை உருண்டையாகக் குழிகள். சிலது புதுசு, சிலதுக்கு மேல் சாணி மெழுகியிருந்தது, மெழுகின இடத்தில் மறுபடியும் குழி. ஒரு குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். அஞ்சலையின் மாமனார் கூரைக் கீற்றுக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுத்தார். இன்னொன்று எடுத்தார். மழையில் மஞ்சளித்தது ஒன்று, உள்ளே உருண்டு அடுப்புப் புகையேறிக் கறுத்தது ஒன்று.

"இது எப்போது வந்து விழுந்தது?"

"அது போன வருசத்துப் பொங்கலுக்குங்க" என்றாள் அஞ்சலை. "அந்தக் கறுப்பு அதுக்கும் முந்தி. சத்தமா உலக்கை மாதிரி வந்து விழுந்துச்சு, புள்ளை ரெண்டு நாளு தூங்கல."

சப் கலெக்டர் கறுத்த பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே மிராசுதாரிடம் நடந்தார். "போன மாதம் போட்ட கூரையில் இவ்வளவு புகையா? மேலும், ஒரு நாய்க்கு ஒரே மாதத்தில் இவ்வளவு விவேகம் வராது" என்றார். மிராசுதாருக்கு முகம் எந்தக் கட்சியின் நிறமும் இல்லாமல் போனது. பிறகு அதிகாரி சங்கிலி சார் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "இது நடிப்பு அன்று. எனக்கும் வலப்பக்கமே போகின்றது. மருந்து ஏதேனும் தெரியுமா?"

"கரையான் தின்னுடுச்சுங்க ஐயா" என்றார் சார்.

வெள்ளிக்கிழமை கல் நட்டார்கள். நான் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன், பார்க்கவில்லை. பிற்பாடு போய்ப் பார்த்தேன். முதல் வீட்டு மூலைக்கல்லில் குனிந்து பார்த்தால் பதினெட்டாவது வீட்டுக் கல்வரை ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்து, ஒரே கல்தான் தெரிகிறது. குனிந்ததில் முழங்கால் வலித்து அதற்கும் அவரைத் திட்டினேன்.

கல் நட்ட அன்று சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். என் லுங்கியைத் துவைத்து, விளிம்போடு விளிம்பு பிசகாமல் மடித்துக் கொண்டுவந்திருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கட்டிலோரம் நின்று என் காலைப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"ரெண்டு வருஷமா மரத்துக்குப் பின்னாடிதானய்யா நிப்பே? அன்னிக்கு மட்டும் ஏன்யா சுவரோரம் போய் நின்னே?"

"மரத்தடியில எறும்பு சார்" என்றேன்.

எறும்பெல்லாம் இல்லை. நேராகத்தான் அடிப்பார் என்று நினைத்தேன்.